நழுவிய குச்சி

பிப்ரவரி 17, ஞாயிறு

இதயா என்றொரு பெண் பெங்களூரிலிருந்து பன்னிரண்டு கேள்விகள் அனுப்பியிருக்கிறாள். ‘சொரசொரப்பு’ என்று ஒரு ஜெராக்ஸ் பத்திரிகை நடத்துகிறாள். யார் தயவும் இல்லாமல் தாமே வாசித்து, தாமே பதிவு செய்து, தாமே அடிபட்டுக்கொள்கிற பங்க் இசைக்காரர்களின் ருசி, பழக்கம், அனுபவம் எல்லாவற்றையும் கேட்டு வாங்கிப் போடப் போகிறாளாம். பேண்டில் மூன்று பேரும் தனித்தனியாக எழுத வேண்டும். ஒருத்தர் எழுதியதை இன்னொருத்தர் பார்க்கக் கூடாது.

வரைவை இந்த நோட்டில் எழுதுகிறேன். மோட்டார் கம்பெனி வைண்டிங் பிரிவில் வேண்டாமென்று தூக்கிப்போட்ட பழைய ரிஜிஸ்டர் இது.

கேள்வி ஒன்று, உங்களைப் பற்றி. பெயர் சுகிர்தா. வயது இருபத்தாறு. ஊர் கோயம்புத்தூர், கணபதி. பகலில் மோட்டாருக்குத் தாமிரக் கம்பி சுற்றுகிறேன். ஞாயிற்றுக்கிழமை டிரம்ஸ் அடிக்கிறேன். பேண்டின் பெயர் ‘பிசிறு’. லேத்தில் கடைந்த இரும்பின் விளிம்பில் கையைக் கிழிக்கிற மாதிரி ஒன்று ஒட்டிக்கொண்டிருக்குமே, அதுவும் பிசிறுதான். பாடும்போது தொண்டை உடைந்து சுருதி விலகினால் அதுவும் பிசிறுதான். நவநீதனிடம் இரண்டும் உண்டு. பாடுவதும் கிடார் வாசிப்பதும் அவன். வயிற்றுப்பாட்டுக்கு மாமாவின் லேத் பட்டறை. பேஸ் கிடார் யாசர், பேக்கரியில் பப்ஸ் மடிக்கிறவன். பங்க் வாசிக்கிறேன் என்று எங்கள் தெருவில் சொன்னால் பெட்ரோலா டீசலா என்று கேட்பார்கள்.

பயிற்சி எல்லாம் நவநீதன் பட்டறையில்தான். வாரம் ஆறு நாள் அங்கே இரும்பு கத்துகிறது. ஏழாவது நாள் நாங்கள் கத்தினால் யாருக்கும் வித்தியாசம் தெரிவதில்லை.

பிப்ரவரி 20, புதன்

கேள்வி இரண்டு, முதலில் கேட்ட இசை. உக்கடம் பழைய சாமான் கடையில் வாங்கிய அட்டை இல்லாத சிடி. என்ன மொழி என்று இன்றுவரை தெரியாது. யாரோ கத்துகிறார்கள், பின்னால் யாரோ டிரம்மைக் கொலை செய்கிறார்கள். எனக்குப் பதினாறு வயது. அன்று காலையில்தான் அப்பா பெல்ட்டைக் கழற்றியிருந்தார். இப்படியும் அடிக்கலாமா என்று வியப்பாக இருந்தது.

கேள்வி மூன்று, மேடைக்கு முன் என்ன சாப்பிடுவீர்கள். யாசர் கொண்டுவருகிற உடைந்த முட்டை பப்ஸ். நவநீதன் வெறும் வயிற்றில் நாலு மிளகு மெல்லுவான்.

கேள்வி நான்கு, உங்கள் கருவி. டிரம்ஸ் பழையது, சொல்ல ஒன்றுமில்லை. குச்சியைப் பற்றிச் சொல்லலாம். கடையில் விற்பது எனக்கு இரண்டு நிகழ்ச்சி தாங்காது. நவநீதன் கருவேல மரத்தில் கடைந்து தருகிறான். நல்ல கனம். உப்புத்தாள் போட்டு முனையைத் தேய்த்துத் தருகிறேன் என்பான். வேண்டாம் என்பேன். முனை கரடாக இருந்தால்தான் சிம்பல் தட்டில் சத்தம் கடிக்கும்.

கேள்வி ஐந்து, கெட்ட பழக்கம். கோபம். என் கையைப் பிடித்துக் கம்பி சுற்றக் கற்றுக்கொடுத்த சூப்பர்வைசரின் டிபன் பாக்ஸைச் சாணைச் சக்கரத்தில் காட்டினேன். அதன் பிறகு அவர் வாயால்தான் கற்றுக்கொடுக்கிறார்.

மார்ச் 3, ஞாயிறு

கை கழுவியும் நகக்கண்ணில் ரத்தம் போகவில்லை. என் ரத்தம் இல்லை.

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். சமுதாயக் கூடத்தில் மூன்று பேண்டுகள். எங்களுடையது கடைசி. ஒலிபெருக்கி செட் குணசீலன் என்பவருடையது. ஐம்பது வயதிருக்கும். திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் செட் கட்டுகிறவர், இந்த மாதிரிக் கூச்சலுக்கு இதுதான் முதல் தடவை. ஆறு மணிக்கு வேறு மண்டபத்தில் ரிசப்ஷன் இருக்கிறது, ஐந்தே முக்காலுக்கு முடித்துவிடுங்கள் என்று வந்ததிலிருந்து மூன்று முறை சொன்னார். நாங்கள் ஏறியதே ஐந்தரைக்கு.

முதல் பாட்டிலேயே கீழே குழி விழுந்துவிட்டது. குழி என்றால் கூட்டம் நடுவில் வட்டமாக விலகி, ஒருத்தரை ஒருத்தர் மோதி ஆடுகிற இடம். வெளியிலிருந்து பார்த்தால் கலவரம். உள்ளே ஒரே ஒரு சட்டம்தான், விழுந்தவனைத் தூக்கிவிடு. ஒருத்தனுக்கு மூக்கு உடைந்தது. சட்டையால் துடைத்துக்கொண்டு திரும்ப உள்ளே போனான். எங்களுக்கு இதெல்லாம் சகஜம்.

ஐந்தே முக்காலுக்கு குணசீலன் கடிகாரத்தைக் காட்டினார். நவநீதன் மைக்கில், “அண்ணனுக்கு ரிசப்ஷனாமா. மாப்ள கொஞ்சம் காத்திருக்கட்டும்,” என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். அடுத்த பாட்டுக்கு நடுவில் பிளக்கைப் பிடுங்கிவிட்டார்.

கிடார் செத்தது. பாட்டு செத்தது. டிரம்முக்கு எந்தக் கரண்டு வேண்டும்? நான் நிறுத்தவில்லை. கீழே இருந்த எழுபது பேரும் என் அடிக்கு மட்டும் ஆடினார்கள். சுவரெல்லாம் அதிர்ந்தது. இரண்டு நிமிடம் இருக்கும். வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததில்லை.

நவநீதன் என் பக்கம் திரும்பி ஏதோ சொன்னான். அந்த நேரத்தில் என் கையிலிருந்து ஒரு குச்சி நழுவியது. வேறு குச்சி எடுக்கக் குனிந்தேன். நிமிர்ந்தபோது நவநீதன் இடது கண்ணைப் பொத்திக்கொண்டு மண்டியிட்டிருந்தான். விரல்களுக்கு நடுவில் ரத்தம் கொட்டியது. அவனுக்கு ஒரு அடி தள்ளி குணசீலன், மடக்கிய மைக் ஸ்டாண்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். சாமானைக் கட்ட ஆரம்பித்திருந்தார் போல.

“ஸ்டாண்டால அடிச்சுட்டான்டா,” என்று யாசர் கத்தினான்.

அதற்குப் பிறகு யாரும் யாரையும் தூக்கிவிடவில்லை. யாசர் அவரைக் கழுத்தோடு பிடித்து மேடையிலிருந்து தள்ளினான். கீழே இருந்தவர்கள் மிதித்தார்கள். “நான் இல்லீங்க, நான் இல்லீங்க” என்று மட்டும்தான் சொன்னார். நானும் குதித்தேன். விலாவில் மூன்று முறை உதைத்தேன். நாலாகவும் இருக்கலாம்.

மார்ச் 4, திங்கள்

கண் ஆஸ்பத்திரி. ஆபரேஷன் இரண்டரை மணி நேரம் நடந்தது. டாக்டரம்மா வெளியே வந்து, “உள்ளே மரச்சிராய் இருந்துச்சு. எடுத்துட்டோம். பார்வை வரும்னு நம்பிக்கை குடுக்க மாட்டேன்,” என்றார்.

ஸ்டாண்டு இரும்பாச்சே என்று நவநீதனின் அம்மா கேட்டார்.

“விழுந்தப்ப மேடைப் பலகை குத்தியிருக்கும்மா,” என்றான் யாசர். இருக்கும். அந்த மேடைப் பலகை மட்டமான பலகை.

நவநீதனின் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, “நீ போய் ஒரு வாய் சாப்பிடு கண்ணு. காலைல இருந்து நின்னுட்டே இருக்கற கண்ணு,” என்றார். எங்கள் ஊரில் எல்லோரையும் எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். இன்று அந்த வார்த்தையைக் கேட்க முடியவில்லை. பாத்ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

மார்ச் 5, செவ்வாய்

அறுபத்திரண்டு சுருள் சுற்றினேன். ஒரு சுருளும் தப்பவில்லை.

யாசர் ஸ்டேஷனில் புகார் கொடுத்தானாம். குணசீலனைக் கூட்டிக்கொண்டு போய் நாள் முழுக்க உட்கார வைத்திருக்கிறார்கள்.

மார்ச் 10, ஞாயிறு

இடது கண் போய்விட்டது. இனி வராது என்று சொல்லிவிட்டார்கள். நவநீதன் அழவில்லை. கட்டுப் போட்ட முகத்தோடு சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். கட்டிலுக்குப் பக்கத்தில் பப்ஸ் பொட்டலம் பிரிக்காமல் கிடந்தது.

யாசர் வெளியே போன நேரம் பார்த்துக் கேட்டேன். “எப்படிப் பட்டுச்சுன்னு பாத்தியாடா?”

“வந்தது தெரிஞ்சுச்சு,” என்றான்.

“யாருன்னு?”

நர்ஸ் மருந்து போட வந்துவிட்டாள். யாரென்று பார்த்திருந்தால் போலீஸிடம் சொல்லியிருப்பான் அல்லவா? பார்த்திருக்க மாட்டான்.

இந்த நோட்டை ஆஸ்பத்திரிக்கு எடுத்துக்கொண்டு போகக் கூடாது.

மார்ச் 13, புதன்

கேள்வி ஆறு, பங்க் என்றால் உங்களுக்கு என்ன? பொய் சொல்லாமல் இருப்பது.

இதை அடித்துவிட்டு வேறு எழுத வேண்டும்.

மார்ச் 17, ஞாயிறு

நவநீதன் பட்டறைக்கு வந்துவிட்டான். கருப்புத் துணி கட்டியிருக்கிறான். வந்ததும் கிடாரைத் தூக்கி மாட்டிக்கொண்டான். பாட்டு எழுதிவிட்டேன் என்றான். ஐம்பது நொடிப் பாட்டு.

பிளக்கைப் பிடுங்கினவன் கண்ணைப் பிடுங்கினான்
குணசீலா வெளிய வா
உன் கண்ணு ரெண்டும் நல்லாருக்கா
குணசீலா வெளிய வா

“பேரைப் போடணுமா?” என்று கேட்டேன்.

“பேரைப் போடாமப் பாடறக்கு நாம என்ன பக்திப் பாட்டா பாடறோம்?” என்றான் யாசர்.

நவநீதன் என்னைப் பார்த்தான். ஒற்றைக் கண்ணால் பார்க்கிறவன் கொஞ்சம் தலையைத் திருப்பித்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. “எண்ணு,” என்றான்.

ஒண்ணு ரெண்டு மூணு நாலு சொன்னேன். அடித்தேன். ஏழு வருடத்தில் நாங்கள் போட்ட பாட்டுகளிலேயே இதுதான் நல்ல பாட்டு. அதை மறைத்து என்ன பிரயோஜனம்? முடிந்ததும் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. யாசர் அழுதான். நவநீதன் தண்ணீர் குடித்தான். எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருந்தது, இன்னொரு முறை வாசிக்கலாம் என்றும் இருந்தது.

மார்ச் 24, ஞாயிறு

நவநீதனும் யாசரும் அந்தப் பாட்டை வீடியோவாகப் போட்டுவிட்டார்கள். மூன்றே நாளில் எங்களைக் கேள்வியே படாதவர்கள் எல்லாம் பார்த்திருக்கிறார்கள். கம்பெனியில் மெஷின் துடைக்கிற அண்ணன்கூட ‘வெளிய வா’ என்று முணுமுணுத்துக்கொண்டு போகிறார். இதயா போன் பண்ணி, உங்கள் பேண்டுதான் அட்டைப்படம் என்றாள். மற்ற இருவரும் பதில் அனுப்பிவிட்டார்களாம், நான்தான் பாக்கி.

மார்ச் 28, வியாழன்

யாசர் பேக்கரி வாசலில் வைத்துச் சொன்னான்.

நேற்றுச் சாயங்காலம் ஒன்பது பேர் குணசீலன் கடைக்குப் போயிருக்கிறார்கள். ரோட்டில் நின்று பாடியிருக்கிறார்கள். குணசீலா வெளிய வா. யாரோ வாடகைக்குக் கேட்க வந்திருக்கிறார்கள் என்று நினைத்து அவர் சிரித்துக்கொண்டே வெளியே வந்திருக்கிறார். ஸ்பீக்கர்களைத் தூக்கிச் சாக்கடையில் போட்டார்கள். அவரைப் படுக்க வைத்து வலது கையை வாசற்படியில் நீட்டிப் பிடித்து ஆம்ப்ளிஃபையரால் அடித்தார்கள். நாலு விரல் போய்விட்டது. பாடிக்கொண்டே அடித்தார்களாம்.

“தாளம் தப்பாம அடிச்சானுகளாமா,” என்றான் யாசர். சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். “எனக்கு ஒருமாதிரி இருக்குது சுகிர்தா.”

அது என் தாளம். இரண்டாவது, நாலாவது அடிக்கு அழுத்தம் கொடுப்பது என் பழக்கம். அந்த வீடியோ இல்லாமல் அவர்களுக்கு வேறு எப்படித் தெரியும்?

நான் அவனை அறைந்தேன். எதற்கென்று அவனுக்குப் புரியவில்லை. திருப்பி அடிக்கவும் இல்லை.

மார்ச் 29, வெள்ளி

கேள்வி ஒன்பது, உங்களுடைய மிக மோசமான நிகழ்ச்சி.

மார்ச் 3 அன்று சமுதாயக் கூடத்தில் வாசித்தபோது என் கையிலிருந்து குச்சி நழுவி

மார்ச் 3 அன்று வாசிக்கும்போது குச்சியைக் கை தவறி விட்டுவிட்டேன். அது எங்கே போயிற்று என்று

குச்சியை விட்டேன்.

வேர்வையில் நழுவுவது உண்டு. டிரம்ஸ் அடிக்கிற யாரையும் கேட்டுப் பாருங்கள். நழுவினால் பக்கவாட்டில் போகும், அல்லது காலடியில் விழும். முன்னால் எட்டடி தூரம், முகத்து உயரத்துக்குப் போகாது.

மார்ச் 31, ஞாயிறு

பயிற்சிக்குப் போகவில்லை. காய்ச்சல் என்று சொல்லிவிட்டு குணசீலன் வீட்டுக்குப் போனேன். போகும்போது சொல்லிவிடுவதாகத்தான் இருந்தேன். சத்தியமாக.

அவர் மனைவி சரோஜினிக்கு நான் யாரென்று தெரியவில்லை. செட் விஷயமாக வந்ததாக நினைத்து உட்காரச் சொன்னார். குணசீலன் உள்ளேயிருந்து வந்ததும் என்னை அடையாளம் கண்டுகொண்டார். கை முழங்கை வரை கட்டு. ஒரு நிமிடம் வாசலை எட்டிப் பார்த்தார், கூட யாராவது வந்திருக்கிறார்களா என்று.

“தனியாத்தானுங்க வந்தேன்,” என்றேன்.

“வா அம்மிணி. அந்தத் தம்பிக்குக் கண்ணு எப்படி இருக்குது?”

“போயிருச்சுங்க.”

அவர் தலையை ஆட்டினார். “பிளக்கைப் புடுங்கினது நாந்தான். அதுக்கு நாலு அடி அடிச்சிருந்தாங்கன்னா வாங்கிட்டுப் போயிருப்பேன். ரிசப்ஷன்காரங்க போன் மேல போன் பண்ணிட்டு இருந்தாங்க. ஆனா அந்தப் பையனைத் தொடவே இல்ல அம்மிணி. என்ற புள்ளைங்க மேல சத்தியம்.”

சரோஜினி உள்ளே போய்க் காப்பி கொண்டுவந்தார். குணசீலன் இடது கையால் டம்ளரை எடுக்கத் தெரியாமல் சிந்தினார். மனைவி துடைத்தார்.

“பள்ளிக்கூடத்துல சின்னவளைப் பாத்து அந்தப் பாட்டைப் பாடறாங்க,” என்றார் சரோஜினி. “சித்திரைக்கு மூணு கோயில்ல செட்டுக்குச் சொல்லியிருந்தாங்க. மூணு பேரும் வேண்டாம்னுட்டாங்க.”

இப்போது சொல், இப்போது சொல் என்று உள்ளே அடித்துக்கொண்டது.

“கரண்டை நிறுத்துனப்புறமும் நீ அடிச்சுட்டே இருந்தயே,” என்றார் குணசீலன். “முப்பது வருசமா செட்டுக் கட்டறேன். செட்டு இல்லாம அத்தனை சத்தம் நான் கேட்டதில்லை. நல்லா அடிச்ச அம்மிணி.”

காப்பியைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். கோழை. இந்த வார்த்தையைப் பெரிதாக எழுதி வைக்கிறேன். கோழை.

ஏப்ரல் 2, செவ்வாய்

எறிந்தேன்.

நவநீதன் திரும்பி என் முகத்துக்கு நேரே உள்ளங்கையைக் காட்டினான். “நிறுத்துடி. கரண்டு போயிருச்சுல்ல, அப்புறம் நீ எதுக்கு?” என்றான். எழுபது பேர் எனக்காக ஆடிக்கொண்டிருந்தபோது சொன்னான். எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. வலது கையை ஓங்கினேன். அவன் முகத்தைப் பார்த்துத்தான் எறிந்தேன். கண்ணைப் பார்த்து இல்லை. முகத்தைப் பார்த்து.

குனிந்தது வேறு குச்சி எடுப்பதற்கு இல்லை. பட்டதைப் பார்த்துவிட்டேன், அதனால் குனிந்தேன். பிறகு கீழே குதித்து அந்த மனுஷனை உதைத்தேன்.

ஏப்ரல் 7, ஞாயிறு

யாசர் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் பட்டறைக்குப் போனேன். நவநீதன் லேத்தில் ஒரு ஷாஃப்டைக் கடைந்துகொண்டிருந்தான். ஒற்றைக் கண்ணுக்கு ஆழம் தெரிவதில்லை. மூன்றாவது முறையாக அளவு தப்பி, அதைத் தூக்கி மூலையில் எறிந்தான்.

“நவநீ, குணசீலன் அடிக்கலை. நான்தான் குச்சியை எறிஞ்சேன்.”

மெஷினை நிறுத்தினான். கையைப் பழந்துணியில் துடைத்தான். அவசரமே படவில்லை.

“தெரியும்.”

“என்ன தெரியும்?”

“நீ கையை ஓங்குனதப் பாத்தேன். குச்சி வர்றதப் பாத்தேன். அந்தக் கண்ணு கடைசியாப் பாத்தது அதத்தான்.”

டிரம்ஸ் ஸ்டூலில் உட்கார்ந்தேன். “ஏன்டா சொல்லலை? அந்தாளு கையை உடைச்சுட்டானுகடா.”

“உடைப்பானுகன்னு நான் நினைக்கலை.”

“போலீஸ்கிட்ட ஏன் சொல்லலை? யாசர்கிட்ட?”

“சொன்னா?” அவன் என் முன்னால் வந்து நின்றான். “உன்னைய உள்ள தூக்கிப் போடுவாங்க. எனக்கு என்ன கெடைக்கும்? ஒத்தக் கண்ணு, பேண்டும் இல்லை. இப்பப் பாரு, ஒத்தக் கண்ணு, ஒரு பாட்டு. ஏழு வருசமா யாரு கேட்டாங்க நம்மளை? பதினாலாம் தேதி ஷோவுக்கு முந்நூறு பேர் வர்றாங்க.”

“அது பொய்ப் பாட்டுடா.”

“நல்லா அடிச்சியே. பொய்யின்னு தெரிஞ்சுதானே அடிச்ச?”

அவன் சட்டையைப் பிடித்து லேத்தோடு சேர்த்து இடித்தேன். அவன் முதுகு இரும்பில் பட்ட சத்தம் கேட்டது. கை ஓங்கியிருந்தது. அவன் முகத்தை மறைத்துக்கொள்ளவில்லை.

“அடி,” என்றான். “இன்னொன்னு இருக்குதல்ல.”

விட்டுவிட்டேன். யாசர் வந்தபோது இருவரும் ஆளுக்கொரு மூலையில் இருந்தோம். நவநீதன் கிடாரை மாட்டிக்கொண்டு எண்ணச் சொன்னான். எண்ணினேன். அதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் எண்ணினேன்.

ஏப்ரல் 13, சனி

குச்சிகளைச் சாக்கடையில் போட்டுவிட்டேன். கடையில் ஒரு ஜோடி வாங்கினேன்.

ஏப்ரல் 14, ஞாயிறு

பூட்டிக் கிடந்த மில் ஒன்றின் குடோன். முந்நூறு பேர் என்றார்கள், ஐந்நூறு இருக்கும். ஒற்றைக் கண்ணில் கருப்புத் துணி கட்டிக்கொண்டு இருபது முப்பது பையன்கள் வந்திருந்தார்கள். நவநீதனுக்கு மரியாதையாம். நாங்கள் ஏறுவதற்கு முன்பே ‘வெளிய வா’ என்று கத்த ஆரம்பித்துவிட்டார்கள்.

இரண்டு பாட்டு வாசித்தோம். மூன்றாவது அதுதான். நவநீதன் திரும்பி, “எண்ணு,” என்றான்.

நான் எழுந்தேன். முன்னால் நடந்து போய் அவன் மைக்கைப் பிடுங்கினேன். அவன் விட்டுக்கொடுத்தான்.

“குணசீலன் யாரையும் அடிக்கலை,” என்றேன். “நவநீதன் கண்ணுல பட்டது என்னோட குச்சி. நான் எறிஞ்சேன். தப்பி விழுகலை. எறிஞ்சேன். அந்த மனுசனை உதைச்சதும் நான்தான். கைய உடைச்சவங்க இங்க இருந்தாக் கேட்டுக்கோங்க, தப்பான ஆளை உடைச்சீங்க.”

முன்வரிசையில் ஒருத்தன் இரண்டு கையையும் தூக்கி, “எறிஞ்சேன்,” என்று கத்தினான். பக்கத்தில் இருந்தவனும் கத்தினான். கொஞ்ச நேரத்தில் ஐந்நூறு பேரும் எறிஞ்சேன், எறிஞ்சேன் என்று குதித்தார்கள். புதுப் பாட்டு என்று நினைத்துவிட்டார்கள். “பாட்டு இல்லைடா, நெசம்டா,” என்று தொண்டை கிழியக் கத்தினேன். அதையும் திருப்பிக் கத்தினார்கள். நெசம்டா, நெசம்டா.

யாசர் மட்டும் வாசிக்காமல் நின்றான். அவன் முகம் வெளிறிப் போயிருந்தது. நவநீதன் என் வார்த்தைக்குப் பொருத்தமாகக் கிடாரில் இரண்டு கம்பிகளை இழுத்தான். அவ்வளவுதான், குழி விழுந்துவிட்டது. ஒருத்தன் எலும்பு முறிகிற சத்தம் மேடைக்கே கேட்டது. யாரோ ஒரு செங்கல்லை எறிந்தான். அது எங்கள் தலைக்கு மேல் போய்ச் சுவரில் பட்டது. யாரோ செருப்பை எறிந்தான், பாட்டிலை எறிந்தான். ஒரு பெண்ணுக்கு நெற்றி பிளந்தது. அவள் ரத்தத்தோடு என்னைப் பார்த்துச் சிரித்துக் கையசைத்தாள்.

யாசர் பேஸ் கிடாரைக் கழற்றித் தரையில் வைத்தான். என் கையைப் பிடித்து பின் வாசல் வழியாக வெளியே இழுத்துக்கொண்டு வந்தான். “நெசமா?” என்றான். ஆமாம் என்றேன். அவன் நடைபாதையில் உட்கார்ந்து, “நான்தானே புகார் குடுத்தேன்,” என்று சொல்லிக்கொண்டே இருந்தான்.

ஏப்ரல் 15, திங்கள்

காலை எட்டு மணிக்கு குணசீலன் வீட்டு வாசலில் நின்று சொன்னேன். நின்றபடியே சொன்னேன், உட்காரவில்லை. சரோஜினி கையில் இருந்த கரண்டியோடு வந்தார். அடிப்பார் என்று காத்திருந்தேன். அவர் கதவைப் பிடித்துக்கொண்டு அப்படியே கீழே சரிந்து உட்கார்ந்துவிட்டார்.

“அன்னிக்கு வந்து காப்பி குடிச்சயே,” என்றார் குணசீலன். பிறகு, “எங்கிட்டச் சொன்னா ஆச்சா? நான் அடிக்கலைன்னு எனக்குத் தெரியாதா? தெருவுல சொல்லு,” என்றார்.

சொன்னேன். டீக்கடையில் சொன்னேன், பந்தல் கடையில், சலூனில், அவரை வேண்டாமென்று சொன்ன கோயில் கமிட்டிக்காரர் வீட்டில் சொன்னேன். ஒவ்வொரு இடத்திலும் அவர் எனக்குப் பின்னால் இரண்டடி தள்ளி நின்றார். யாரும் என்னை அடிக்கவில்லை. சலூன்காரர், “விடு அம்மிணி, ஆத்தரத்துல நடக்கறதுதான்,” என்றார். கமிட்டிக்காரர், “தைரியமா வந்து சொன்னயே, அதுக்கே ஒரு மனசு வேணும்,” என்றார். டீக்கடை மாஸ்டர் பெஞ்சைத் துடைத்து என்னை உட்காரச் சொல்லி, சர்க்கரை தூக்கலாக ஒரு டீ போட்டுக் கொடுத்தார்.

குணசீலன் அந்த டீயைப் பார்த்தார். “நான் இல்லை இல்லைன்னு கத்துனேன். ஒருத்தரும் ஒரு வார்த்தை கேக்கலை,” என்றார். “இவ ஆமான்னு சொல்றா. டீ குடுக்கறீங்க.” கட்டுப் போட்ட கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். மாஸ்டர் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் டீயைக் குடிக்கவில்லை.

ஸ்டேஷனுக்குப் போகலாம் என்றேன். அவரால் ஹேண்டில் பிடிக்க முடியாது. அவருடைய மொபெட்டை நான் ஓட்டினேன், அவர் பின்னால் உட்கார்ந்து வந்தார். வேகத்தடை வந்தபோதெல்லாம் கை வலித்து மூச்சை இழுத்தார்.

ஸ்டேஷன் கேட்டுக்கு முன்னாலேயே நிறுத்தச் சொன்னார். வேப்பமரத்தடியில் இறங்கிக்கொண்டார்.

“நீங்களும் வாங்க,” என்றேன். “நீங்க இருந்தாத்தான் நல்லது.”

“நீ போய்ச் சொல்லு அம்மிணி,” என்றார். “நான் இங்கயே நிக்கறேன். அன்னிக்கு உள்ள உக்கார வெச்சு அடிச்சாங்க. அதுக்குள்ள கால் வெக்க எனக்கு பயமா இருக்குது.”

புகார் எழுதிக்கொள்கிற எழுத்தர் எலெக்‌ஷன் வேலையாகப் போயிருக்கிறார், வர ஒரு மணி நேரம் ஆகும் என்று சொன்னார்கள். உள்ளே பெஞ்சில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். ஜன்னல் வழியாகப் பார்த்தால் அவர் தெரிகிறார். நிழல் நகர்ந்துவிட்டது, வெயிலில் நிற்கிறார்.